நான்கு விரல் உயரம்

போன வாரம் பொன்னேரி மார்க்கெட்டுக்குக் கீரை வாங்கப் போனவன் கீரை இல்லாமல் வீடு திரும்பினேன். மனைவி கேட்டதற்குக் கீரையெல்லாம் வாடிக் கிடந்தது என்று ஒரு பொய் சொன்னேன். உங்களிடம் சொல்வதற்கென்ன? தேங்காய்க் கடைக்கு எதிரே ஒரு பழைய கார் பானெட்டைத் திறந்தபடி நின்றிருந்தது. ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்ட் கொதித்த வாசனை உங்களுக்குத் தெரியுமா? வெல்லப்பாகு அடிபிடித்த மாதிரி ஒரு தித்திப்பு முதலில் வரும். பின்னாலேயே ரப்பர் காந்திய நெடி வரும். அந்த வாசனைக்கு என் கால்கள் தாமாக நின்றுவிட்டன. காரை ஓட்டி வந்தவர் கையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியின் பக்கம் போனார்.

"மூடியத் தொடாதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் தேங்காய்க்காரர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார். கார்க்காரர் திரும்பி, "இல்ல சார், முள்ளு கீழதான் கீது" என்றார். சூடு காட்டுகிற அந்த முள்ளை நம்பாதீர்கள் என்று சொல்லி, அவரைப் பிடித்து நிழலில் உட்கார வைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். முக்கால் மணி நேரம். அவர் என்னை ஏதோ கொஞ்சம் கழன்ற ஆள் என்று நினைத்திருக்க வேண்டும். அப்படி நினைத்ததில் தவறில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் கழன்ற ஆள்தான்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் பின்பக்கச் சாலையில், இரண்டு இரும்புக் கம்பெனிகளுக்கு நடுவே ஒரு தகர ஷெட். அதில் மெக்கானிக் வேலை. காலையில் வெள்ளைச் சட்டையோடு ஸ்டேஷனில் இறங்கினால் மாலையில் அதே சட்டையின் காலரில் செம்பழுப்பாக ஒரு கோடு விழுந்திருக்கும். காற்றிலேயே இரும்பு. வெள்ளைச் சட்டை ஏன் போட்டாய் என்று கேட்பீர்கள். மெக்கானிக் என்றால் அழுக்காகத்தான் இருக்க வேண்டுமா என்ற திமிர்தான். ஷெட்டில் போய் மாற்றிக்கொள்வேன். ரயிலில் என்னைப் பார்க்கிறவர்கள் ஆபீசர் என்று நினைக்க வேண்டும்.

ஷெட் முதலாளியை எல்லோரும் நைனா என்று கூப்பிடுவோம். ஆரம்பாக்கத்தைத் தாண்டி, ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்க்காரர். தெலுங்கில் திட்டுவார், தமிழில் சமாதானம் செய்வார். திட்டுவதற்கு அவருக்கு என்னிடம் அதிகம் வாய்ப்புக் கிடைத்ததில்லை. அந்தப் பேட்டையில் இன்ஜின் வேலை என்றால் என் பெயரைத்தான் சொல்வார்கள். அல்லது அப்படித்தான் சொல்கிறார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிறகுதான் தெரிந்தது.

அந்த ஷெட்டுக்கு ஒரு நாள் வசந்தாக்காவின் பிக்கப்பை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள்.

வசந்தாக்கா மூன்று கம்பெனிகளுக்கு மதியச் சாப்பாடு போடுகிறவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். கவரைப்பேட்டைக்கு உள்ளே தள்ளி, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுச் சமையல். அவரேதான் வண்டி ஓட்டுவார். பின்னால் அன்னக்கூடைகளும் சாம்பார் கேன்களும் கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். சப்பாத்தி கேட்கிற வடக்கத்திப் பையன்கள் கம்பெனியில் பெருகப் பெருக, அவரும் சப்பாத்தி போடக் கற்றுக்கொண்டு, அரைகுறை இந்தியும் கற்றுக்கொண்டார். 'கானா', 'பானி', 'சல் சல்' இந்த மூன்று வார்த்தையில் ஒரு நாளையே ஓட்டிவிடுவார்.

வண்டி அதைவிட வினோதம். நீண்ட மூக்கு, இரண்டு உருண்டை விளக்குகள், பச்சையா சாம்பலா என்று சொல்ல முடியாத நிறம். என் அப்பா காலத்துக்கும் முந்தைய வெளிநாட்டு வண்டி. இன்ஜின் கட்டையில் விரிசல் விட்டிருந்தது. அதற்கு உதிரி இந்த உலகத்திலேயே கிடையாது.

"இத்த எடைக்கிப் போட்டுட்டு புது வண்டி வாங்கலாமேக்கா?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. வண்டியின் முன்கதவைத் தட்டிக்கொண்டே சொன்னார். "எங்கப்பா பதினாறு வருஷம் இந்த வண்டில போயிருக்காரு. எங்க உக்காந்துகினு? பின்னாடி, நெல்லு மூட்டை மேல. மொதலாளி ஊட்டு வண்டி. முன்னாடி உக்கார உடுவாங்களா? அப்பால நெலத்த கம்பெனிக்கி வித்துட்டு அவங்க மெட்ராஸ் போவசொல்ல, இது கொட்டாய்ல துருப்புடிச்சிக் கெடந்துது. எங்கப்பாதான் இரும்பு வெலைக்கி வாங்கினாரு. வாங்கி ரெடி பண்ண மொத நாளு முன்சீட்டுல ஏறி உக்காந்தவரு, சோறு துன்றதுக்குக் கூட எறங்கல. தட்ட அங்கயே குட்த்தோம்."

பிறகு நான் எடைக்குப் போடுவதைப் பற்றிப் பேசவில்லை.

நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின் ஒன்று, மோதி நொறுங்கிய ஒரு லோடு வண்டியிலிருந்து, நைனா தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். அதை இந்த வண்டியின் வயிற்றில் வைப்பதுதான் என் வேலை. பத்தொன்பது நாள் ஆனது. இதைப் படிக்கிற உங்களுக்கு அது ஒரு எண். எனக்கு அது கல்யாணம் மாதிரி. இன்ஜினுக்கும் பழைய கியர்பாக்ஸுக்கும் நடுவே ஒரு தடித்த இரும்புத் தட்டு கடைந்து இரண்டையும் இணைத்தேன். இன்ஜினின் அடிப்பக்க எண்ணெய்த் தொட்டி முன் அச்சில் இடித்தது. தாங்கிகளை உயர்த்தி, இன்ஜினைக் கொஞ்சம் மேலே தூக்கி உட்கார வைத்தேன். எல்லாம் நானே வரைந்து, நானே வெட்டி, நானே வெல்டு வைத்தது. முதல் சாவி திருப்பலிலேயே ஸ்டார்ட் ஆனது. பக்கத்துக் கம்பெனி செக்யூரிட்டி கூட வந்து கை கொடுத்தார். வசந்தாக்கா மறுநாள் எனக்கென்று தனியாக ஒரு டப்பாவில் சாப்பாடும், அதன்மேல் அவித்த முட்டை ஒன்றும் கொண்டுவந்தார். அதிலிருந்து தினமும் ஒரு முட்டை. அந்த முட்டையை ஒரு பதக்கம் போல நினைத்திருந்தேன் என்றால் சிரிக்காதீர்கள்.

நான்காம் நாள் ரயில்வே கேட்டில் வண்டி கொதித்தது.

கேட் மூடி, வண்டிகள் வரிசையில் ஊர்ந்துகொண்டிருந்தபோது பானெட் இடுக்கிலிருந்து ஆவி. அக்கா போனில் கூப்பிட்டார். "இன்னாப்பா, உன் இஞ்சின் டீ போட்டுகினு கீது?" பன்னிரண்டரைக்குக் கொடுக்க வேண்டிய சாப்பாடு ஒன்றே காலுக்குப் போனது. நான் ரேடியேட்டரை மாற்றி, பெரியதாக ஒன்று வைத்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கொதித்தது. சூட்டைப் பார்த்துத் தண்ணீருக்கு வழிவிடும் சின்ன வால்வைக் கழற்றி எறிந்தேன். கொதித்தது. தண்ணீர் பம்பை மாற்றினேன். அப்போதும் கொதித்தது. நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால் ஒன்றும் இல்லை. தொழிற்பேட்டைக்குள் டிரெய்லர்களுக்குப் பின்னால் ஊர்ந்தால் போதும், ஆவி. மூன்று வாரம் இப்படி. ஒரு கம்பெனியில், இன்னொரு முறை சாப்பாடு தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாமல், இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார். அவர் அப்பா உட்கார்ந்த சீட்டில் என் தோல்வி தினமும் உட்கார்ந்து போனது.

அப்போதுதான் நைனா மீஞ்சூரிலிருந்து எபியைக் கூட்டிவந்தார்.

எபிநேசர் என்பது முழுப்பெயர். என் வயதுதான். ரேடியேட்டர் கடையில் ஆறு வருடம், பிறகு பெரிய வண்டிகளுக்கு ஏசி போடும் இடத்தில் இரண்டு வருடம் இருந்தவன். ஒல்லி, எப்போதும் முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருப்பான். வந்த அன்றைக்கே என்னை மச்சி என்று கூப்பிட்டான். எனக்குப் பிடிக்கவில்லை. அவன் என்ன செய்தாலும் பிடித்திருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவன் ஸ்பானரைத் தொடவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, நைனாவின் மேசையிலிருந்து தினசரியின் ஒரு தாளை உருவிக்கொண்டு போய், வண்டியின் மூக்குக்கு முன்னால் நின்று, ரேடியேட்டர் மேல் அந்தத் தாளை வைத்துக் கையை எடுத்தான். தாள் நழுவிக் கீழே விழுந்தது. மறுபடி வைத்தான். விழுந்தது.

"பாத்தியா மச்சி, ஃபேன் சுத்துது. ஆனா காத்த இழுக்கல. இழுத்தா பேப்பர் ஒட்டிக்கினு நிக்கணும்."

அவ்வளவுதான் விஷயம். பழைய இன்ஜின் நீளமானது, அதன் ஃபேன் ரேடியேட்டரை ஒட்டி நின்றிருக்கும். நான் வைத்த இன்ஜின் குட்டை. ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒன்றரைச் சாண் வெட்டவெளி. ஃபேன் அங்கேயே இருக்கிற சூட்டுக் காற்றைச் சுற்றிச் சுற்றிக் கடைந்துகொண்டிருந்தது. மூன்று வாரமாக நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றைப் பற்றி ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. ஒரு பழைய செய்தித்தாள் என்னை முட்டாளாக்கிவிட்டது.

ஒரு எண்ணெய் டிரம்மின் தகரத்தை வெட்டி, ரேடியேட்டரின் முழு முதுகையும் மூடுகிற மாதிரி ஒரு கூண்டு அடித்தான். ஷெட்டில் அதைக் கவுல் என்போம். கூண்டின் நடுவே வட்டமாக ஓட்டை. அந்த ஓட்டைக்குள் ஃபேன் பாதி உள்ளே, பாதி வெளியே. ஓரங்களில் ரப்பர் பட்டை வைத்துக் காற்று ஒழுகாமல் அடைத்தான். ரிவெட் அடித்த வரிசை தையல் மிஷினில் தைத்த மாதிரி இருந்தது. குறை கண்டுபிடிக்கலாம் என்று நான் குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு பிசிறு இல்லை. பிசிறு இருந்திருந்தால் அவனைப் பிடித்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

இந்த முறை தாள் ரேடியேட்டரில் பல்லி போல ஒட்டிக்கொண்டது. நைனா கை தட்டினார். மறுநாள் வசந்தாக்கா தண்ணீர் கேனை இறக்கி வைத்துவிட்டுப் போனார். அதற்கு மறுநாள் இரண்டு டப்பா வந்தது. எபியின் டப்பாவில் இரண்டு முட்டை. என்னுடையதில் ஒன்று.

நான் எப்போதுமே இப்படித்தானா என்று கேட்டால், ஆமாம். ஐ.டி.ஐ.யில் என்னுடன் படித்த ஒருவனுக்கு அவன் மாமா வெளிநாட்டிலிருந்து ஒரு ஸ்பானர் செட் அனுப்பியிருந்தார். நீல வெல்வெட் வைத்த பெட்டி. அதைத் திறந்து பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அது பொருள் மேல் வந்த பொறாமை. அதற்கு ஆயுசு குறைவு. ஒருவனுடைய கை மேலும், அவன் கண் போகிற திசை மேலும் வருகிற பொறாமை வேறு. அது நம்மோடு ரயிலில் ஏறி, நம் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளும்.

உண்மையாகவே அவன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வருவான். மாலை ரயிலில் நான் பொன்னேரியில் இறங்குவேன், அவன் மீஞ்சூர் போவான். கவரைப்பேட்டை தாண்டியதும் வயல்கள் வரும். எபி வேர்க்கடலை வாங்கி, பொட்டலத்தை என் தொடைமேல் பிரித்து வைப்பான். அவனுக்குக் குவைத்தில் ஒரு வேலைக்கு ஏற்பாடாகிக்கொண்டிருந்தது. வரும் திங்கட்கிழமை சென்னையில் டெஸ்ட். கையால் பற்றவைத்துக் காட்ட வேண்டும், குழாய் வளைத்துக் காட்ட வேண்டும். "கெடச்சா தங்கச்சி கல்யாணம், ஊடு, ரெண்டும் முடிஞ்சிடும் மச்சி. இல்லன்னா பேஜாருதான்" என்றான். போய்த் தொலைந்தால் நல்லது என்று நினைத்தேன். கூடவே, அவன் மட்டும் போகிறானே என்றும் நினைத்தேன். இரண்டும் ஒரே சமயத்தில். கடலையையும் தின்றேன்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அக்கா எண்ணெய் மாற்ற வந்தார். எபி வேறு ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் வேலைக்குப் போயிருந்தான். நான் வண்டியின் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து எண்ணெயை வடியவிட்டேன். கண்ணெதிரே ரேடியேட்டரின் மூடி. அதற்குப் பின்னால் இன்ஜினின் தலை, அதிலிருந்து தண்ணீர் வெளிவரும் குழாய். அந்தக் கோணத்தில் அதுவரை நான் பார்த்ததில்லை. குழாய், மூடியைவிட உயரத்தில் இருந்தது. கையை வைத்து அளந்தேன். நான்கு விரல்.

புரிகிறதா பாருங்கள். தண்ணீர் ஊற்றும் வாய் கீழே, தண்ணீர் நிரம்ப வேண்டிய இடம் மேலே. எவ்வளவு ஊற்றினாலும் இன்ஜினின் உச்சியில் காற்று தங்கிவிடும். அங்கே தண்ணீர் இல்லாமல் இரும்பு காயும். காற்றை வெளியேற்ற ஒரு வழியும், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சின்னத் தொட்டியும் வேண்டும். எபியின் கவுல் வியாதியில் முக்கால் பங்கைத்தான் குணமாக்கியிருந்தது. மீதிக் கால் பங்கு உள்ளேயே இருந்தது.

அந்த நான்கு விரல் உயரத்துக்கு இன்ஜினைத் தூக்கி வைத்தவன் நான்.

"ஒண்ணு கேக்கணும்பா" என்றார் அக்கா. "ஊர்ந்துகினு போவசொல்ல முள்ளு மேல ஏறிகினே வருது, திடீர்னு பொத்துனு கீழ உழுந்துடுது. நல்லதுதானே அது?"

நல்லதில்லை. சூட்டை அளக்கிற கருவி தண்ணீரில் முங்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். அதைச் சுற்றிக் காற்று வந்துவிட்டால் அது பொய் சொல்லும். முள் விழுந்தால் வண்டி குளிர்ந்தது என்று அர்த்தமில்லை. உள்ளே தண்ணீர் இல்லாத இடத்தில் அது தனியாக மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

"நல்லதுதான்கா" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். தவறு என்னுடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டி வருமே என்பது பாதிதான். மீதிப் பாதி இது: வண்டி இன்னொரு முறை கொதிக்கட்டும். எபியின் வேலையும் தோற்றது என்று ஊர் பார்க்கட்டும். அப்புறம் நான் போய்ச் சரி செய்கிறேன். அன்று மாலை ரயிலில் அவன் டெஸ்ட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். நான் ம் கொட்டினேன். புதன் போனது. வியாழன் போனது. கொதிக்கவில்லையே என்று தினமும் காத்திருந்தேன். காத்திருந்தேன் என்ற வார்த்தையை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை அக்கா எபியைக் கூடவே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பிரேக்கில் ஏதோ சத்தம், ஓடும்போது கேட்டுச் சொல் என்று. கம்பெனிக்குக் கால் கிலோமீட்டர் முன்னால் டிரெய்லர் வரிசை. ஊர்ந்து ஊர்ந்து போனதில் கம்பெனி வாசலுக்குப் பக்கத்தில் வண்டி சக்தி இழந்து நின்றது. எபி இறங்கி பானெட்டைத் திறந்தான். அவன் ஒன்றும் தெரியாதவன் இல்லை. பத்து நிமிடம் காத்திருந்தான். முள்ளைப் பார்த்தான், கீழே இருந்தது. மேல் குழாயை அமுக்கிப் பார்த்தான், உள்ளே அழுத்தம் இல்லாத மாதிரி மெத்தென்று இருந்தது. ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு மூடியைத் திருப்பினான்.

இதையெல்லாம் அக்கா சொல்லித்தான் தெரியும். போன் வந்ததும் நைனாவின் பைக்கில் நான் பின்னால் உட்கார்ந்து போனேன். கம்பெனி செக்யூரிட்டி அறை வாசலில் எபி உட்கார்ந்திருந்தான். வலது கை முழங்கை வரை ஒரு வாளித் தண்ணீருக்குள். கழுத்தின் ஒரு பக்கம் சிவந்து உப்பியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும், "முள்ளு கீழதான்டா இருந்துது மச்சி, சத்தியமா" என்றான். நான் ஏதோ அவனைக் குற்றம் சொல்ல வந்தவன் போல.

வண்டிக்கு அந்தப் பக்கம், உள்ளேயிருந்து வடக்கத்திப் பையன்கள் பத்துப் பதினைந்து பேர் வெளியே வந்து, அன்னக்கூடைகளையும் கேன்களையும் ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அன்று சாப்பாடு அரை மணி நேரம்தான் தாமதம். அக்கா மட்டும் வண்டியை விட்டு நகராமல் முன்கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான் உன்னாண்ட கேட்டனே, நல்லதுதான்னு சொன்னியே" என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு முள் விழுந்ததையும் இதையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. சொல்லுவார் சொல்லுவார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சனி ஞாயிறு இரண்டு நாளும் ஷெட்டில் நான் மட்டும். பித்தளைத் தகட்டில் ஒரு சின்னத் தொட்டி செய்து, முன்கண்ணாடிக்குக் கீழே, பானெட்டுக்குள் உயரமான இடத்தில் பொருத்தினேன். இன்ஜினின் உச்சியிலிருந்து பென்சில் தடிமனில் ஒரு குழாய் அதற்குப் போனது, காற்று ஏறிப் போக. தண்ணீர் ஊற்றும் வாயை அங்கே மாற்றினேன். திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணி வெயிலில், டிரெய்லர் வரிசைக்குப் பின்னால், வேண்டுமென்றே ஒன்றரை மணி நேரம் ஊர்ந்தேன். முள் நடுவில் நின்றது. ஆணி அடித்த மாதிரி நின்றது. என் வாழ்க்கையில் செய்த நல்ல வேலைகளில் அது ஒன்று. அதே நேரத்தில் சென்னையில் எபி இல்லாமல் அவனுடைய டெஸ்ட் நடந்துகொண்டிருந்தது.

மறுநாள் என் டப்பாவில் இரண்டு முட்டை வந்தது.

மூன்று வாரம் கழித்து எபி வந்தான். கையில் கட்டு, சட்டைக் கை கீழே இறக்கிவிடப்பட்டிருந்தது. அன்று அக்காவின் வண்டி ஷெட்டில் நின்றிருந்தது. நேராகப் போய் இடது கையால் பானெட்டைத் தூக்கினான். தொட்டியைப் பார்த்தான். குழாய் போகிற பாதையை விரலால் தொடர்ந்து போனான். மூடிக்கும் இன்ஜின் தலைக்கும் நடுவே கையை வைத்து, நான் வைத்த மாதிரியே, அளந்தான். அவனுக்கு முழுவதும் புரிய ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. அந்த நேரத்திலும் அவன் வேகத்தைப் பார்த்து எனக்கு உள்ளே ஒரு இடம் சுருக்கென்றது என்றால் நம்புவீர்களா?

"நல்லாப் பண்ணிக்கீற" என்றான். பிறகு திரும்பாமலேயே கேட்டான். "எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

அடிபட்ட அன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன்.

"செவ்வாக்கெழம" என்றேன். "முந்தின செவ்வாக்கெழம."

எபி பானெட்டை மெதுவாக மூடினான். கட்டு இல்லாத கையின் விரல்களில் ஏதோ எண்ணினான். புதன், வியாழன், வெள்ளி. "சரி" என்றான். நைனாவிடம் போய் டீ கேட்டு வாங்கிக் குடித்தான்.

மறுநாள் வேலைக்கு வந்தான். "அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பானர எடுத்துக் குடுங்க" என்றான் என்னிடம். வேறு யாரையாவது சொல்கிறானோ என்று திரும்பிப் பார்த்தேன். ஷெட்டில் வேறு யாரும் இல்லை. அன்றிலிருந்து நான் அவனுக்கு நீங்க. மச்சி போய்விட்டது, டா போய்விட்டது. ரயிலில் அதே பெட்டியில்தான் வருவான். இடம் இருந்தால் உட்காருவான், "ஒக்காருங்க" என்று எனக்கும் இடம் விடுவான். கடலை வாங்குவதை நிறுத்திவிட்டான். என்னை ஒருவர் அவ்வளவு மரியாதையாக நடத்தியதில்லை. ஒரு முறை கவரைப்பேட்டை தாண்டும்போது, "எபி, நான் பண்ணது தப்புடா" என்று ஆரம்பித்தேன். "உடுங்க, அதெல்லாம் ஒண்ணியும் இல்ல" என்றான், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு. அவன் அக்காவிடமோ நைனாவிடமோ கடைசி வரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்கள் என்னைத் திட்டியிருப்பார்கள், நானும் ஆறியிருப்பேன். அந்த வழியையும் அவன் எனக்குத் திறந்துவிடவில்லை.

கை ஆறி, அடுத்த டெஸ்ட்டுக்கு எட்டு மாதம் காத்திருந்து, எபி குவைத் போனான். இடையில் வந்த வரன் கைவிட்டுப் போய், தங்கை கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப் போனதாக நைனா சொன்னார். கிளம்புகிற நாள் ஷெட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டான். என்னிடம் "வரேங்க" என்றான். கை கொடுத்தான். வலது கைதான். தோல் வழவழவென்று, வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது.

இப்போது அந்த ஷெட் இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. நைனா மகள் வீட்டோடு நெல்லூர் பக்கம் போய்விட்டார். நானும் ஒரு கம்பெனியில் பராமரிப்பு சூப்பர்வைசர் ஆகி, பேப்பரில் கையெழுத்துப் போடுகிறேன். வெள்ளைச் சட்டை கசங்குவதில்லை. வசந்தாக்கா அந்த வண்டியை இன்னும் ஏழு வருடம் ஓட்டினார். ஒரு நாளும் கொதிக்கவில்லை. பிறகு பழைய வண்டிகள் சேர்க்கிற ஒருவர் சென்னையிலிருந்து வந்து கேட்டபோது, முழங்கால் வலியால் இனி ஓட்ட முடியாது என்று கொடுத்துவிட்டார். கொடுக்கிற அன்று முன்சீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் இறங்கினாராம். அக்காவும் இப்போது இல்லை. அந்த மூன்று கம்பெனிகளில் இரண்டு பெயர் மாறிவிட்டன. சாப்பாடு எங்கிருந்தோ பிளாஸ்டிக் டப்பாக்களில் வருகிறது.

எபியை ஒரே ஒரு முறை, ஒரு போட்டோவில் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் மீஞ்சூர் ஸ்டேஷனில், அவன் தெருக்காரர் ஒருவர் தன் போனில் காட்டினார். பாலைவனம் மாதிரி ஒரு இடம். வீடு உயரத்துக்கு ஒரு குளிரூட்டும் இயந்திரம், அதைச் சுற்றிப் பளபளவென்று குழாய்கள். அதன் முன்னால் எபி, தொப்பி போட்டு, கொஞ்சம் பருத்து, சிரித்துக்கொண்டு. அதெல்லாம் அவன் பொறுப்பில்தான் ஓடுகிறதாம். நான் போனை வாங்கி, விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். எவ்வளவு அழகாகக் குழாய் வளைத்திருக்கிறான், காற்று போக வழி எங்கே வைத்திருக்கிறான், தொட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். ஒரு பிசிறு இல்லை. ரயில் வந்துவிட்டது, போனைக் கொடுங்க சார் என்று அவர் கையை நீட்டினார்.

கொடுத்துவிட்டு ரயிலில் ஏறிய பிறகுதான், அவன் கையைப் பார்க்க மறந்துவிட்டேன் என்பது ஞாபகம் வந்தது.